நடு நட்டைத் தொடாதீர்கள்

மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக றிவஸ்டன் ஏறும் வளைவுகளில் என் பழைய மாருதி 800 இன் முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் போடத் தொடங்கியது. காரணத்தைப் பார்க்க முன் ஸ்பிரிங்கை வீட்டு முற்றத்திலேயே கழற்ற நினைத்தேன். அப்போது எனக்குத் தொழில் பழக்கிய பாஸ் சொன்னது: "தம்பி, அது இரும்பு இல்லை, அடக்கி வைத்த பலம்."

உண்மைதான். 650 கிலோ அளவிலான அந்தக் காரின் ஒவ்வொரு முன் சில்லும் ஏறக்குறைய 200 கிலோ சுமக்கிறது. சில்லைக் கழற்றிய பிறகும் ஸ்பிரிங் அமுங்கியே இருக்கும். ஷொக் அப்சோபரின் மேலே உள்ள நடு நட்டை அப்படியே கழற்றினால், ஸ்பிரிங் பாய்ந்து ஆளையே கொல்லக்கூடும்.

முதலில் சமதரையில் நிறுத்தி, பின்சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் காரை இருத்துங்கள். ஷொக் அப்சோபரை ஸ்பிரிங்கோடு முழுதாக வெளியே எடுங்கள். ஸ்பிரிங் அமுக்கும் கருவிகள் இரண்டை நேரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, கை ஸ்பானரால் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடிய பிறகே நடு நட்டில் கை வைக்கலாம். ஸ்பிரிங்கின் இரு முனைகளுக்கும் நேராக ஒருபோதும் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

கம்பியாலோ கயிற்றாலோ கட்டிக் கழற்றுவதை நான் கண்டிருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். சரியான கருவி இல்லையா? கழற்றியதை அப்படியே கராஜுக்குக் கொண்டுபோங்கள். நான் அன்று அதைத்தான் செய்தேன்.