மீனின் மூக்கும் பூச்சிக்கொல்லியும்

வயலில் தெளித்த மருந்து மழைநீரோடு வடிந்து ஏரியில் கலந்தால் மீன்கள் செத்து மிதக்கின்றன. இது கண்ணுக்குத் தெரியும் சேதம். ஆனால், சாகாத மீனும் கெட்டுப்போயிருக்கலாம். அது நன்றாக நீந்துகிறது, இரை தின்கிறது. பார்ப்பவர்க்கு ஒரு குறையும் தெரியாது. அத்தகைய மீனைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ளது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையுள்ள ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பதோ 7½ மில்லிகிராம்தான். ஒரு லிட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜன் வேண்டுமானால் 36 லிட்டர் நீர் தேவை! ஆகவே மீன் ஓயாமல் செவுள்களின் வழியே நீரைச் செலுத்தியாக வேண்டும். அந்நீரில் நஞ்சு சிறிதளவே இருந்தாலும், செவுளின் மெல்லிய சவ்வை அது இடைவிடாமல் தொட்டுக்கொண்டே இருக்கிறது. நீர் சூடேறினால் கரையும் ஆக்சிஜன் குறையும். மீனின் தேவையோ கூடும். கோடையில் தொல்லை இரட்டிப்பாகிறது.

டயாசினான் போன்ற கரிம பாஸ்பரஸ் மருந்துகள் நரம்பைத் தாக்குபவை. ஒரு நரம்பிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கொண்டுசெல்லும் பொருள்களுள் ஒன்று அசிடைல்கோலின். செய்தி சேர்ந்தவுடன் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். மருந்து இந்த நொதியைப் பற்றி முடக்கிவிடுகிறது. அழைப்பு மணியின் பொத்தான் அழுத்தியபடியே சிக்கிக்கொண்டால் மணி நிற்காமல் ஒலிக்கும் அல்லவா? நரம்பின் நிலையும் அதுவே. பூச்சிக்கும் மீனுக்கும் இந்த நொதி பொதுவானது என்பதுதான் சங்கடம்.

இனி மூக்குக்கு வருவோம். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், மீன்களையும் ஆராய்ந்தவர். கெண்டை இனத்துச் சிறுமீன் ஒன்றின் தோல் காயப்பட்டால், அதிலிருந்து கசியும் ஒரு பொருளின் மணத்தை உணர்ந்து கூட்டம் முழுவதும் அஞ்சி ஓடுகிறது என்பதை 1938-இல் அவர் வெளியிட்டார். நம் ஏரிகளில் உள்ள கெண்டையும் கெளுத்தியும் இத்தகைய அபாய மணம் கொண்ட பெருங்குழுவைச் சேர்ந்தவையே. சால்மன் மீனுக்கும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. அதற்கு மூக்கு இன்னொரு வகையிலும் உயிர்நாடி. ஆற்றில் பிறந்து, கடலில் சில ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்பும்போது, அந்த ஓடையின் மணமே அதற்கு வழிகாட்டி.

மீனின் முகர்வு நரம்பு முனைகள் நேரடியாக நீரில் படுகின்றன. நஞ்சு இரத்தத்தின் வழியே சுற்றி வரவேண்டியதில்லை.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நதானியேல் ஷோல்ஸ் குழுவினர் சினூக் சால்மன் குஞ்சுகளைச் சிறிது நேரம் டயாசினான் கலந்த நீரில் விட்டனர். பிறகு மீன்தோலின் சாற்றை நீரில் சேர்த்தனர். நஞ்சு படாத குஞ்சுகள் இரையை விட்டு அசையாமல் பதுங்கின. லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் மருந்து பட்டவையோ அபாயத்தைச் சரிவர உணரவில்லை. ஆனால் நீந்துவதிலும், கண்ணால் கண்டு இரை பிடிப்பதிலும் அவற்றுக்குக் குறையில்லை! 10 மைக்ரோகிராம் அளவில், பிறந்த இடத்துக்குத் திரும்பும் திறனும் கெட்டது.

லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? 50 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் ஒரே ஒரு கிராம். மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஒரு மருந்தின் கொடுமையை அளக்க வழக்கமாகச் செய்யும் சோதனை, 96 மணி நேரத்தில் பாதி மீன்களைக் கொல்லும் அளவு எது என்று காண்பதாகும். டயாசினானுக்கு அந்த அளவு, மேற்சொன்ன 1 மைக்ரோகிராமைவிடப் பல மடங்கு அதிகம். பகைமீன் அருகில் வருவதை அறியாத குஞ்சு அச்சோதனையில் 'உயிருள்ளது' என்றே எண்ணப்படும். ஆற்றில் அதை விழுங்கும் பெரிய மீனின் வயிற்றில் யாரும் கணக்கெடுப்பதில்லை. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களுக்கு டயாசினான் விற்பது 2004 இறுதியில் நிறுத்தப்பட்டது. பயிர்களுக்குத் தெளிக்கும் அனுமதி அதன் பிறகும் நீடித்தது.