உங்க ரத்தமே உங்களுக்கு மருந்து! கார் டி-செல் சிகிச்சை யாருக்குக் கைகொடுக்கும்?

கேன்சருக்கான மருந்து ஃபேக்டரியில தயாராகி வரும்னுதான் நினைச்சிட்டிருக்கோம். ஆனா, நோயாளியோட ரத்தத்துல இருந்தே மருந்து தயாரிக்க முடியும். அதுதான் கார் டி-செல் சிகிச்சை.

நம்ம ரத்தத்துல இருக்கிற டி-செல்கள், உடம்புக்குள்ள ரோந்து சுத்துற போலீஸ் மாதிரி. கிருமி புகுந்த செல்லைக் கண்டா அழிச்சிடும். ஆனா, கேன்சர் செல் நம் உடம்பிலேயே உருவானது. அதனால பல நேரம் போலீஸ் கண்ணுல மண்ணைத் தூவிட்டுத் தப்பிச்சிடும்.

எப்படிச் செய்றாங்க?

நோயாளியின் ரத்தத்திலிருந்து டி-செல்களைப் பிரிச்சு எடுப்பாங்க. லேப்ல அதுக்குள்ள புது ஜீன் ஒன்றைச் செலுத்துவாங்க. இப்போ அந்தச் செல்லின் மேல ஒரு ஆன்டெனா முளைக்கும். சிடி19 என்ற புரதம் எந்தச் செல் மேல இருந்தாலும், அது கண்டுபிடிச்சிடும். இந்தச் செல்களைக் கோடிக்கணக்கில் பெருக்கி, சில வாரங்கள்ல டிரிப்ஸ் மாதிரி ஏத்துவாங்க.

எமிலியின் கதை

2012-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இந்தச் சிகிச்சையைப் பெற்ற முதல் குழந்தை, எமிலி வைட்ஹெட். வயசு 6. கீமோவுக்குப் பிறகும் ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்திருந்தது. செல்கள் உள்ளே போனதும் கடும் காய்ச்சல், வென்டிலேட்டர் என நிலைமை மோசமானது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற ஒரு மருந்துதான் காப்பாத்துச்சு. பத்து வருஷம் கடந்தும் கேன்சர் திரும்பலை. 'சைட்டோகைன் புயல்' எனப்படும் அந்த ஆபத்து இன்றைக்கும் உண்டு. அதனால ஐ.சி.யூ வசதி கட்டாயம்.

இந்தியாவில்..?

மும்பை ஐ.ஐ.டி-யும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் 2017-ல் வந்த முதல் கார் டி-செல் மருந்தின் விலை அப்போது 4,75,000 டாலராக இருந்தது. நம்ம ஊர்ல கிட்டத்தட்ட அதில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் பல லட்சம் ரூபாய்தான்!

இதைக் கவனிங்க

'எல்லா கேன்சருக்கும் மருந்து வந்தாச்சு'னு வாட்ஸ்அப்ல வந்தா நம்பாதீங்க. நெக்ஸ்கார்19, பி-செல் வகை ரத்தப் புற்றுநோய், லிம்போமா ஆகியவற்றுக்கு மட்டும்தான். அதுவும் வழக்கமான சிகிச்சை பலன் தராதபோது. மார்பகம், நுரையீரல் போன்ற கட்டிகளில் ஆராய்ச்சிதான் நடக்குது.

வீட்ல யாருக்காவது ரத்தப் புற்றுநோய் இருந்தா, நடக்கிற சிகிச்சையை நிறுத்தாதீங்க. 'இது பி-செல் வகையா, இந்தச் சிகிச்சை பொருந்துமா, மொத்தச் செலவு எவ்வளவு?'னு டாக்டர்கிட்டயே கேளுங்க.