கழிச்சல் கண்ட கன்றுக்கு ஏற்றவேண்டிய நீரின் அளவு

கழிச்சலால் மடியும் இளங்கன்றுகளிற் பல, நீர்க்குறைவாலேயே மடிகின்றன. ஜலமும் உப்புக்களும் சரீரத்தை விட்டு நீங்கவே, இரத்தவோட்டம் தளர்ந்து கன்று படுத்துவிடுகிறது. மிருக வைத்தியர் ஒரு புட்டி நீரை இரத்தக்குழாயில் ஏற்றியதும் வேலை முடிந்ததென்று குடியானவர்கள் கருதுவதுண்டு. அது தவறு. தேவையான அளவுக்குக் கணக்கு இருக்கிறது.

முதலாவது, எடை. முன்னங்காலுக்குப் பின்னே மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்கவும். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, மீண்டும் நீளத்தாற் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் எடை ஏறக்குறையக் கிலோவில் வரும். சுற்றளவு 30, நீளம் 29 ஆனால் எடை சுமார் 40 கிலோ.

இரண்டாவது, நீர்க்குறைவு. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால், நலமுள்ள கன்றில் அது உடனே படியும். படியச் சில விநாடி சென்று, கண்ணும் குழிந்திருந்தால், குறைவு நூற்றுக்கு 8 என மதிக்கலாம். காதும் காலும் குளிர்ந்து, எழ மாட்டாமற் கிடந்தால் 10க்கு மேலாகும்.

இனிக் கணக்கு. 40 கிலோவில் நூற்றுக்கு 8 என்பது 3.2 லிட்டர். அன்றாடத் தேவை கிலோவுக்கு 50 மில்லி வீதம் 2 லிட்டர். அன்று மேலும் கழிவது 1 லிட்டர் என்று கொண்டால், முதல் நாளைக்கு மொத்தம் 6.2 லிட்டர். அரை லிட்டர்ப் புட்டியானால் பன்னிரண்டுக்கும் அதிகம். ஒரு புட்டி, முன்னேற்பட்ட குறைவில் ஆறில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது.

இவ்வளவும் ஊசி வழியே செல்லவேண்டுவதில்லை. முன்னேற்பட்ட குறைவைச் சில மணி நேரத்தில் வைத்தியர் ஏற்றியபின், கன்று சப்பத் தொடங்கியதும் மீதியை உப்புக்கரைசலாக வாய் வழியே புகட்டலாம். பாலை நிறுத்தலாகாது, சிறுகச் சிறுகப் பலமுறை கொடுக்கவும்.

ஏற்றும் நீர் லிட்டருக்கு 9 கிராம் உப்புடைய சுத்த மருந்து நீராகும். வெறும் ஜலத்தை ஏற்றினால் இரத்த அணுக்கள் வெடிக்கும். ஆதலால் வீட்டில் தயாரித்ததை ஒருபோதும் ஏற்றலாகாது. இரத்தத்தில் புளிப்பு மிகுந்திருந்தால் வைத்தியர் சோடியம் பைகார்பனேட்டும் சேர்ப்பார். அளவு மீறி வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். இருமலோ மூச்சுத்திணறலோ கண்டால் உடனே நிறுத்தச் சொல்லவும்.

கன்று நின்று பால் குடிக்கும்போதே உப்புக்கரைசல் புகட்டினால் பெரும்பாலும் ஊசிக்கே இடமிராது. படுத்துவிட்டால் தாமதமின்றி வைத்தியருக்குச் சொல்லியனுப்பி, எடையையும் கழிச்சல் கண்ட நேரத்தையும் தெரிவிக்கவேண்டும். கிராம அதிகாரிகள் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.