“குட்நைட், ஸார்!” – நெருப்புக்கு நடுவே ஒரு சல்யூட்

1944-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி இரவு. இங்கிலாந்தின் மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் விமானத் தளத்தில், கனடா விமானப் படையின் 419-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ‘லங்காஸ்டர்’ குண்டு வீச்சு விமானம் புறப்படத் தயாராக நின்றது. போக வேண்டியவர்கள் ஏழு பேர்.

புல்தரையில் உட்கார்ந்திருந்த ஆண்ட்ரூ மைனார்ஸ்கிக்கு நான்கு இலை குளோவர் ஒன்று அகப்பட்டது. கிடைத்தவருக்கு அதிர்ஷ்டம் என்பது அந்த நாட்டார் நம்பிக்கை. அவரோ அதை நண்பர் பாட் பிராஃபியிடம் கொடுத்து விட்டார்.

மைனார்ஸ்கியின் பெற்றோர் போலந்திலிருந்து கனடாவுக்குப் பிழைக்க வந்தவர்கள். வின்னிபெக் நகரில் பிறந்த இவர், தகப்பனார் காலமானதும் சிறு வயதிலேயே தோல் வெட்டும் வேலைக்குப் போய்க் குடும்பத்துக்கு உதவினார். 1941-ல் விமானப் படையில் சேர்ந்தார்.

ரெயில்வே யார்டு

அன்றைய இலக்கு, பிரான்சில் உள்ள காம்ப்ரே ரெயில்வே மார்ஷலிங் யார்டு. ஜூன் 6-ல் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியிருந்தன. ஜெர்மானியருக்கு ரெயிலில் ஆளும் தளவாடமும் போகாமல் தடுக்க வேண்டும். ராத்திரி டியூட்டி பார்க்கும் எனக்கு, அந்த யார்டிலும் கைவிளக்கோடு ஒரு பாயிண்ட்ஸ்மேன் நின்றிருப்பாரே என்ற நினைப்பு வராமல் இல்லை. யுத்தம் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

நள்ளிரவுக்குப் பின் ஜெர்மன் விமானம் ஒன்று சுட்டது. இடது பக்க எஞ்சின்கள் இரண்டும் போயின. தீப்பிடித்தது. எல்லோரும் குதிக்கும்படி பைலட் உத்தரவிட்டார்.

வால் பகுதியில் துப்பாக்கிக் கூண்டில் இருந்தவர் பிராஃபி. கூண்டு திரும்பவில்லை, சிக்கிக் கொண்டார். மேல் கூண்டிலிருந்து இறங்கிய மைனார்ஸ்கி கதவருகே வந்து விட்டார். குதித்திருக்கலாம். திரும்பிப் பார்த்தார். எரியும் எண்ணெய்க்கு நடுவே மண்டியிட்டுத் தவழ்ந்து வால் பக்கம் போனார். கோடரியால் நெம்பினார், பிறகு வெறுங்கையாலேயே இழுத்தார். கூண்டு அசையவில்லை. அவருடைய உடையும் பாரசூட்டும் எரியத் தொடங்கின. ‘போய்விடு’ என்று பிராஃபி சைகை காட்டினார்.

மைனார்ஸ்கி முதுகைத் திருப்பவில்லை. நண்பரைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார். கதவருகே நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். உதடு அசைந்தது. இரைச்சலில் காதில் விழாவிட்டாலும் பிராஃபிக்குத் தெரியும். பிராஃபி அதிகாரி, அவருக்குக் கீழ் பதவியில் இருந்த நாளில் தினமும் ராத்திரி பிரியும்போது மைனார்ஸ்கி வேடிக்கையாகச் சொல்வது அது: “குட்நைட், ஸார்!”

எரியும் பாரசூட்டோடு விழுந்தவரைப் பிரெஞ்சுக் குடியானவர்கள் கண்டெடுத்தனர். தீக்காயத்தால் உயிர் பிரிந்தது. வயது 27.

ஒரே சாட்சி

விமானம் தரையில் மோதியபோது பிராஃபி தூக்கி எறியப்பட்டார். பிழைத்துக் கொண்டார்! மற்ற ஐந்து பேரும் உயிர் தப்பினர். பிராஃபி செத்திருந்தால் அந்த சல்யூட்டைப் பற்றி உலகத்தில் யாருக்கும் தெரிந்திராது. அவர் கொடுத்த சாட்சியத்தின் பேரில்தான் 1946 அக்டோபரில் ‘விக்டோரியா கிராஸ்’ அறிவிக்கப்பட்டது. வின்னிபெக்கில் தாயார் அதைப் பெற்றுக் கொண்டார்.

மகனின் உடல் ஊர் திரும்பவில்லை. விழுந்த மண்ணிலேயே அடக்கம் என்பது அந்தப் படைகளின் வழக்கம். பிரான்சில் மெஹாரிகூர் கிராமத்து இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. பெற்றோர் கடல் தாண்டிக் கனடா வந்தார்கள். பிள்ளை அதே கடலைத் திரும்பத் தாண்டி, போலந்து போகும் வழியில் பாதியில் தங்கி விட்டார்.

உலகில் இன்னும் பறக்கக் கூடிய லங்காஸ்டர்கள் இரண்டே. ஒன்று கனடாவின் ஹாமில்டன் நகர மியூசியத்தில் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் மைனார்ஸ்கி சென்ற விமானத்தின் எழுத்துகளையே தீட்டி வைத்திருக்கிறார்கள்.