மண்ணும் மரமும் சேர்ந்த கண்ணாடித்தாள்

கடையில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்று வாங்குகிறீர்கள். வறுவல் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது. பொட்டலம்? அது உங்கள் பேரன் காலத்திலும் தெருவோரத்தில் கிடக்கும்! பிளாஸ்டிக்கின்மேல் அலுமினியம் படியவைத்து, அடுக்கடுக்காக ஒட்டிய தாள் அது. மக்காது, பிரித்தெடுப்பதும் பெரும்பாடு. ஆனால் பிராணவாயுவைத் தடுக்காவிட்டால் வறுவல் சிக்கு வாடை அடித்துவிடுமே!

அதைத் தடுக்க மரமும் களிமண்ணும் போதும் என்றால் சிரிப்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

டோக்கியோ சர்வகலாசாலைப் பேராசிரியர் அகிரா இசோகாய் குழுவினர், மரக்கூழை ‘டெம்போ’ என்ற ரசாயனத்தின் துணையால் பக்குவப்படுத்தி, 2006-ல் ஒரு வித்தை செய்தார்கள். இழைகளில் ஒரே வகை மின்னேற்றம் உண்டாகி, ஒன்றையொன்று தள்ளின. தண்ணீரில் கலக்கியதும் நார் தனித்தனி இழையாகப் பிரிந்தது. இழையின் பருமன் மூன்று, நான்கு நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுதான் நானோமீட்டர்!

மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண்ணோ, ஒரு நானோமீட்டர் கனமுள்ள தகடுகளைச் சீட்டுக்கட்டுப் போல் அடுக்கியது. 2012-ல் இக்குழுவினர் இரண்டையும் தண்ணீரில் கலந்து, தாளாக உலர்த்தினார்கள். தகடுகள் படுக்கைவசமாகப் படிந்தன. இழைகள் அவற்றைப் பிணைத்தன. சிப்பியின் உட்புறத்தில் பளபளக்கும் பூச்சும் இப்படி அமைந்ததுதான். தாள் நல்ல உறுதி. பிராணவாயுவோ, திருவிழாக் கூட்டத்தில் வழி தேடுகிறவனைப் போல் தகடுகளைச் சுற்றிச் சுற்றித் திண்டாடுகிறது!

ஆனால் ஒரு சங்கடம். இழைகளைப் பிரித்துக்கொடுத்த அதே மின்னேற்றம் தண்ணீரையும் விருந்துக்கு அழைக்கிறது. ஈரக்காற்றில் இழைத்தாள் உப்புகிறது, சந்து விழுகிறது, பிராணவாயு நுழைகிறது.

இதற்கும் ரசாயனமே பரிகாரம். இழையோடு ஒட்டியிருப்பது சோடியம். அதற்கு ஒரே கை. கால்ஷியத்துக்கு இரண்டு கை, அலுமினியத்துக்கு மூன்று. இதே ஆய்வுக்கூடத்தார், களிமண் கலவாத இழைத்தாளை இத்தகைய உலோக உப்புக் கரைசலில் ஊறவைத்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். சோடியம் விலகியது, வந்த உலோகங்கள் பக்கத்து இழைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டன. தாள் தண்ணீரைத் தாங்கியது. ஈரக்காற்றிலும் பிராணவாயுவைத் தடுத்தது. மண் கலந்த தாளுக்கும் இவ்வழி நம்பிக்கை அளிக்கிறது.

அந்தத் தாளில் வறுவல் வரும்போது வரட்டும். அதுவரை காலிப் பொட்டலத்தைத் தெருவில் எறியாதிருப்பது நம் இரண்டு கைகளில்தானே இருக்கிறது?