விண்டோஸ் 10 நின்றுவிட்டது. பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போட வேண்டுமா?

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு பல வீடுகளில் ஒரே கேள்விதான். "கணினி இனி ஓடாதாமே, புதுசு வாங்கணுமா?"

ரந்தாவ், லாபு, சிலியாவ், லுக்குட் வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்கு இது சின்னக் கேள்வி அல்ல. மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்தில், புதிய மடிக்கணினி ஒரு மாத வருமானத்தையே விழுங்கிவிடக்கூடிய செலவு. ஆகவே பணப்பையைத் திறப்பதற்கு முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், கணினி ஓடாமல் போகாது. நேற்று திறந்தது போலவே இன்றும் திறக்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க மாதந்தோறும் வந்துகொண்டிருந்த திருத்தங்கள் மட்டுமே நின்றுள்ளன. பூட்டு பழுதானால் மாற்றித் தர ஆள் இல்லாத வீடு போன்றது இது. பாட்டு கேட்க மட்டும் பயன்படும் கணினிக்கு ஆபத்து குறைவு. இணைய வங்கிச் சேவைக்கும் இ.பி.எப். கணக்கு பார்ப்பதற்கும் அதே கணினி என்றால் ஆபத்து கூடுதல்.

அப்படியானால் விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். கணினி இடம் கொடுத்தால் மாறலாம், அது இலவசம். ஆனால் 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவற்றோடு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியாக இருக்க வேண்டும். 2017-க்கு முன் வந்த மடிக்கணினிகள் பெரும்பாலும் இங்கேயே அடிபட்டுப் போகின்றன. உங்கள் கணினி தேறுமா என்று அறிய கடைக்குப் போக வேண்டாம். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தைத் திறந்தால் அங்கேயே சொல்லிவிடும்.

தேறாத கணினியிலும் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருவதாகச் சிலர் கூறுவர். குறுக்குவழி இருப்பது உண்மை. ஆனால், அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாதுகாப்புக்காக மாறிவிட்டு அந்தப் பாதுகாப்பையே இழப்பதில் என்ன பொருள்?

பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம். கணினியில் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாப்ட் கணக்கு ஒன்றும் வேண்டும். அதே 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் பதிவு செய்யும் இணைப்பு வரும். அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் 30 அமெரிக்க டாலர். வீட்டுப் பயனாளருக்கு இது ஓராண்டு அவகாசம்தான். அந்த அவகாசத்தில் காசு சேர்க்கலாம்.

காசே செலவழிக்க முடியாதவர்களுக்கு லினக்ஸ் இருக்கிறது. இந்தப் பேச்சை எடுத்தாலே ஒட்டுக்கடையில் இரண்டு அணி பிரிந்துவிடும். விண்டோஸ்தான் கணினி என்பார் ஒருவர், லினக்ஸ் தெரியாதவனுக்குக் கணினியே தெரியாது என்பார் மற்றவர். இருவருமே கணினியை யார், எதற்குப் பயன்படுத்துகிறார் என்று கேட்பதில்லை. ஆரம்பப் பள்ளி மாணவருக்கு கல்வியமைச்சின் டெலிமா தளமும் கூகல் வகுப்பறையும் போதும் என்றால், இரண்டும் உலாவியில் திறப்பவை. உலாவி எல்லா இயங்குதளத்திலும் இருக்கிறது. 'லினக்ஸ் மிண்ட்' விண்டோஸ் போன்ற முகப்புடையது. 4 ஜிபி நினைவகத்தில் நன்றாக ஓடும், விலை இல்லை. கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் லினக்சில்தான் படிக்கிறார்கள். ஆனால் அலுவலகக் கணக்கு மென்பொருள், மேசைக் கணினிக்கான ஃபோட்டோஷாப் போன்றவை அவசியம் என்றால் லினக்ஸ் பக்கம் போகாதீர்கள்.

லினக்சைக் கணினியில் ஏற்றாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள். இன்னொன்று: பழைய கணினி ஆமை வேகத்தில் நகர்வதற்குப் பாதிக் காரணம் சுழலும் வன்தட்டு. அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் எந்த இயங்குதளமும் சுறுசுறுப்பாகிவிடும்.

எதை ஏற்றுவதென்றாலும் முதலில் கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுங்கள். தமிழர்களுக்கு இதில் தனிக் கவனம் தேவை. கோயில் நிர்வாகக் கூட்டக் குறிப்புகள், பள்ளி இதழ்கள், திருமண அழைப்பிதழ்கள் என யூனிகோடுக்கு முன் தட்டெழுதிய கோப்புகள் இன்னும் பல கணினிகளில் கிடக்கின்றன. அவற்றைப் படிக்க அந்தந்த எழுத்துருவே வேண்டும். எழுத்துரு போய்விட்டால் கோப்பு இருந்தும் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். ஆகவே 'ஃபான்ட்ஸ்' கோப்புறையில் உள்ள தமிழ் எழுத்துருக்களையும் சேர்த்து நகல் எடுங்கள். முடிந்தால் முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

புதிதாகத் தட்டெழுதுவதில் சிக்கல் இல்லை. தமிழ் 99 விசைமுகமும், நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் விசைமுகமும் விண்டோஸ் 11-இல் கூடவே வருகின்றன. ஆப்பிள் கணினிகளிலும் உள்ளன. லினக்சில் 'ஐபஸ்' வழியாகத் தமிழ் 99-ஐச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் குழப்பத்தை மோசடிக்காரர்களும் பயன்படுத்தலாம். "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையில் வந்தால் அழைக்காதீர்கள். மைக்ரோசாப்டின் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்காது. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் உங்கள் வங்கியையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள்.