மூலம் என்று முடிவு கட்டுமுன்

மலத்தோடு இரத்தம் கண்டால், "மூலம்தான், உடற்சூடு" என்று சொல்லித் துத்திக்கீரையையும் கருணைக்கிழங்கையும் நாடுவது கல்லங்குறிச்சியிலும் சுற்றூர்களிலும் நெடுநாள் வழக்கம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும். ஆயினும் பெருங்குடற் புற்றுநோயும் அதே அடையாளத்தோடு வரக்கூடும். தொடக்க நிலையில் அந்நோய் கசியவிடும் இரத்தமோ கண்ணுக்கே புலப்படாது. அதைத் தேடுவதே மலப் பரிசோதனை.

பெருங்குடலின் உட்சுவரில் தோன்றும் 'பாலிப்' என்னும் சிறு வளர்ச்சிகளுள் சில, ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் புற்றாக மாறுகின்றன. இந்த நீண்ட இடைவெளியே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1993-இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் மலத்தைச் சோதித்துக்கொண்ட பிரிவினரிடையே 13 ஆண்டுகளில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 33 விழுக்காடு குறைந்திருந்தது. அன்று பயன்பட்டது குவாயக் என்னும் மரப்பிசின் தோய்ந்த அட்டை. உண்ட ஆட்டிறைச்சிகூட அதை ஏமாற்றிவிடும். இன்றைய 'ஃபிட்' சோதனை மனித இரத்தத்தை மட்டுமே இனங்காண்பதால் பத்தியம் தேவையில்லை.

கழிப்பறை நீரும் சிறுநீரும் படாமல் மலத்தைத் தாளில் ஏந்தி, தரப்பட்ட குச்சியால் பல இடங்களில் தொட்டு, குப்பியிலிட்டு மூட வேண்டும். மாதவிலக்கு நாட்களில் எடுத்தல் கூடாது. நம் ஊர் வெயிலில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. வெப்பத்தில் ஹீமோகுளோபின் சிதையும். உள்ள இரத்தமும் இல்லை என்றே முடிவு வரும். ஆகவே குப்பியைச் சித்திரை வெயிலில் அரியலூர்ச் சந்தைக்கெல்லாம் சுமந்து திரியாமல், காலையிலேயே ஆய்வகத்தில் ஒப்படைக்க வேண்டுகிறோம்.

இரத்தம் உண்டு என்று முடிவு வந்தால் அது புற்றுநோய்தான் என்பதன்று. மூலமோ பாலிப்போ குடற்புண்ணோ காரணமாகலாம். எதுவென அறியக் கொலோனோஸ்கோப்பி செய்தே ஆகவேண்டும். "எனக்கு மூலம் இருப்பது முன்பே தெரியுமே", "இன்னொரு முறை மலத்தையே சோதியுங்களேன்" என்பன எமக்குப் பழகிய மறுமொழிகள். இரண்டையும் நாம் ஏற்பதில்லை. மறுமுறை இரத்தம் தென்படாவிட்டாலும் முதல் முடிவு பொய்யாகிவிடாது. மூலம் உள்ளவருக்குப் பாலிப்பும் இருக்கலாம். கண்டால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடலாம்.

மேலைநாடுகளைவிட நம் நாட்டில் இந்நோய் குறைவு. அரசின் வழக்கமான புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையே கொண்டது. ஆதலால் ஐம்பது வயதைக் கடந்தோர் தாமே மருத்துவரிடம் இச்சோதனை பற்றிக் கேட்பது நன்று. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தவர்கள் அதற்கு முன்பே வரவேண்டும். அவர்களுக்குப் பெரும்பாலும் நேரடியாகக் கொலோனோஸ்கோப்பியே பரிந்துரைக்கப்படும். கண்ணுக்குத் தெரியும் இரத்தப்போக்கு, மாறிய மலப்பழக்கம், காரணமறியா இரத்தசோகை, உடல் மெலிவு ஆகியன உள்ளோர் குப்பிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரைக் காண வேண்டும்.